ரசம் வருவதற்குள்

கெட்டிமேளம் அடங்கியதும் மண்டபத்தில் பாதிப் பேர் அட்சதை தூவிய கையை உதறிக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் நகரத் தொடங்கினார்கள். குமுதவல்லி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாலைந்து வரிசைக்கு முன்னால் அவளுடைய பழைய மேனேஜர் சத்தியநாதன் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரியும் வழுக்கையின் ஓரமும்தான் தெரிந்தன. அந்தப் பிடரியைப் பார்த்தபடியே அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார், இருபது வருஷத்துக்கு மேல குவாலிட்டி செக்கிங்ல இருக்கேன். இருக்கேனா, இருந்தேனா? இருந்தேன் என்றால் செத்துப்போனவள் பேசுவது மாதிரி இருக்கிறது. இருக்கேன் என்றால் பொய். வாக்கியம் எப்போதும் இங்கே வந்துதான் சிக்கிக்கொள்கிறது. நேற்று குக்கர் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தபோதும் இதே இடத்தில்தான் நாக்கு நின்றது, விசில் வந்தது, அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அண்ணன் மகள் ஷர்மிளா பெங்களூரில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். அவள்தான் இந்த அரை நிமிஷப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தது. அத்தை, நெட்ல அப்ளை பண்ணிட்டு உக்காந்திருந்தா வேலை வராது, தெரிஞ்சவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லணும், நிறைய வேலைங்க வெளியில தெரியாமலே நிரம்பிடுது. வேலை குடுங்கன்னு கேக்காதீங்க, இன்னது தெரியும், இன்னது தேடுறேன்னு சொல்லுங்க. எந்த வேலையா இருந்தாலும் பரவால்லன்னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க, அப்படிச் சொன்னா கேக்கறவங்களுக்கு எந்த வேலையும் ஞாபகத்துக்கு வராது. உண்மைதான். ஷர்மிளா சொல்லும்போது எல்லாமே உண்மையாகத்தான் இருக்கிறது. குமுதவல்லியின் நாலு பக்க ரெஸ்யூமை உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பக்கமாக்கிவிட்டாள். பிறந்த தேதி வேண்டாம், டிப்ளமோ முடித்த வருஷம் வேண்டாம், அப்பா பேர் எதுக்கு அத்தை என்று ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க, யாரோ தன் பீரோவைத் திறந்து பழைய புடவைகளை வெளியே எறிவது போல குமுதவல்லிக்கு இருந்தது. ஆனால் படித்துப் பார்த்தால் அந்த ஒரு பக்கத்தில் இருந்தவள் கெட்டிக்காரியாகத் தெரிந்தாள். அவள் வந்து கேட்டால் யாரும் வேலை கொடுத்துவிடுவார்கள். அவளை இந்த மண்டபத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் படுத்திருந்திருக்கலாம்.

வாசலில் பன்னீர் தெளிக்கும்போதே பிசகிவிட்டது. மணப்பெண்ணின் அம்மா கோமளா, குமுதவல்லி இருந்த அதே கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்து முன்னமே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவள், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “வந்துட்டியா குமுதா, திங்கக்கிழமையாச்சே, லீவு கிடைச்சுதா?” என்றாள். குமுதவல்லி வாயைத் திறப்பதற்குள் கணவர் தண்டபாணி முந்திக்கொண்டார். “அரை நாள்தான் குடுத்தாங்க. எப்படியோ சமாளிச்சுட்டு வந்துட்டா.” கோமளா தலையை ஆட்டினாள். கையை ஒரு தடவை அழுத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள். தண்டபாணியைக் குறை சொல்ல முடியாது. யார்கிட்டயும் சொல்லாதீங்க, வேறொண்ணு கிடைச்சதும் நானே சொல்லிக்கறேன் என்று அழுதது அவள்தான். அன்றிலிருந்து அவர் யார் எப்படிக் கேட்டாலும் ஏதோ ஒரு பதிலைச் சட்டைப் பையில் வைத்திருப்பது போலத் தயாராக வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிடுகிற மனுஷன், நாத்தனார் வீட்டு விசேஷத்தில், குமுதாவுக்கு ஆடிட் நடக்குது அதான் வர முடியல என்று கண் இமைக்காமல் சொன்னார். அப்போது அவள் வீட்டில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போது அரை நாள் லீவில் வந்திருக்கிறவள் எப்படிப் போய் வேலை இல்லை என்று சொல்வது? முதலில் அந்த லீவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சார், லீவு பொய், வேலையும் பொய், புடவை மட்டும் நிஜம். ரவிக்கை கைப்பக்கம் பிடித்தது. ஆறு மாதம் வீட்டில் இருந்ததில் உடம்பு வைத்துவிட்டது, அதைக்கூட யாராவது பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். வேலை போன அன்று அந்த எச்ஆர் அறையிலும் இப்படித்தான் இழுத்து மூடிக்கொண்டாள், ஏசி அதிகமாக இருந்தது. மேஜை மேல் ஒரு தட்டில் பிஸ்கட். இந்த லைனை வேறு மாநிலத்துக்கு மாத்தறாங்க மேம், உங்க பொசிஷன் இனிமே இல்ல என்றான் அந்த எச்ஆர் பையன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடம்தான் காணாமல் போயிற்று என்கிற மாதிரி. பிஸ்கட் எடுத்துக்கங்க மேம் என்றான். எடுத்துக்கொண்டாள். போகச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பிஸ்கட்டை முழுவதும் தின்று, மடியில் விழுந்த தூளைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஏன் தின்றாள்? வேண்டாம் என்று சொன்னால் அவன் வருத்தப்படுவானோ என்று நினைத்தாளா?

அவளுக்கு முன்னால் வேலை போனவர் ஸ்டோர்ஸ் புருஷோத்தமன். அவர் எதையும் மறைக்கவில்லை. உழவர் சந்தையில் பார்த்தால், கேன்டீன் வாசலில் பார்த்தால், கோயிலில் பார்த்தால், எனக்கு வேலை போயிடுச்சுப்பா, எங்கயாவது இருந்தா சொல்லு என்பார். ஷர்மிளா கேட்டால் சபாஷ் என்பாள். ஆனால் ஷர்மிளா அவர் முகத்தைப் பார்த்ததில்லை, அவருக்கு எதிரில் நின்றவர்கள் முகத்தையும் பார்த்ததில்லை. சொன்னதும் எதிரில் இருப்பவருக்குக் கண் கொஞ்சம் பின்னால் போகும், கை பையைத் தேடும், போனைத் தேடும், அச்சச்சோ, கண்டிப்பா சொல்றேன் என்பார்கள், அதற்கப்புறம் அவர் வந்தாலே டீக்கடையில் கிளாஸை அவசரமாக வைப்பார்கள். அவருக்குக் கடைசியில் எங்கோ வேலை கிடைத்ததா இல்லையா? அது ஒருத்தருக்கும் தெரியாது. சத்தியநாதனின் கண்ணும் அப்படிப் பின்னால் போனால்? அவர் பிளான்ட் மேனேஜராக இருந்தபோது குமுதா பாத்தாச்சான்னு கேளு, பாத்தாச்சுன்னா அனுப்பிடு என்பார். பாகம் சரியா இல்லையா என்று அளந்து பார்க்கக்கூட வேண்டாம், அவள் பார்த்தாள் என்றாலே லாரி கிளம்பும். இப்போது அவர் வேறு கம்பெனியில், இன்னும் பெரிய இடத்தில். சிப்காட் தொழிற்பேட்டையில் அவருக்குத் தெரியாத கம்பெனி கிடையாது. இந்தக் கல்யாணத்துக்கு அவர் வருவார் என்று தெரிந்ததும் ஷர்மிளா போனில் குதித்தாள், அத்தை, இதை விட்டுடாதீங்க என்றாள். விடக் கூடாது. ஆனால் பிடிப்பது எப்படி? நல்ல காரியம் நடக்கிற இடத்தில், நாதஸ்வரக்காரர் ஓய்ந்து உட்கார்ந்து காபி குடிக்கிற நேரத்தில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்...

“குமுதா, இங்கேயே உக்காந்துட்டா எப்படி? வாங்க, பந்திக்குப் போலாம்.”

சத்தியநாதன்தான். எப்போது எழுந்தார், எப்போது அவள் பக்கத்தில் வந்தார் என்று அவள் கவனிக்கவில்லை. கண்கள் அந்த நாற்காலியிலேயே நிலைத்திருந்தன, பிடரிதான் போய்விட்டிருந்தது.

“வரேன் சார். நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் இருக்கேன். சுகர்தான் கொஞ்சம் ஆட்டம் காட்டுது. தண்டபாணி எங்கே?”

“அவங்க ஸ்கூல் ஆளுங்க வந்திருக்காங்க சார், அவங்களோட முதல் பந்தியிலேயே உக்காந்துட்டார்.”

இப்போதே சொல்லியிருக்கலாம். நடந்துகொண்டே பேசுவது சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டாம். ஆனால் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நெரிசல், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி, மறுபடி சேர்ந்து, வரிசையின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தபோது இலை போட்டாகிவிட்டது. குமுதவல்லி தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். துடைத்த இலையை மறுபடி துடைத்தாள். கூட்டு, பொரியல், பச்சடி வைத்துக்கொண்டே போனார்கள். ஜிலேபி வந்தபோது சத்தியநாதன் கையைக் குறுக்கே நீட்டி வேண்டாம் என்றார், அதையே பார்த்துக்கொண்டும் இருந்தார். சாதம் வரட்டும், சாதம் வந்ததும் சொல்லிவிடலாம். சாதம் வந்தது. பருப்பும் நெய்யும் வந்தன. பருப்பு சாதம் பிசைகிறபோது ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் கை அப்படியே நின்றுவிடும், சாப்பாட்டைக் கெடுத்த பாவம். சாம்பாருக்குச் சொல்லலாம். சாம்பார் வாளி வந்தது, வாளிக்காரர் அவசரமாக ஊற்றிவிட்டுப் போனார், குழம்பு இலையின் ஓரத்துக்கு ஓடியது, அவள் சாதத்தால் அணை கட்டினாள். சார், குவாலிட்டியில இன்சார்ஜா. இன்சார்ஜாக என்று சொல்ல வேண்டுமா? சொன்னால் அந்த மாதிரி பதவிதான் வேண்டும் என்று நினைத்துக்கொள்வாரோ? சொல்லாமல் விட்டால் எந்த வேலையானாலும் பரவாயில்லை என்று ஆகிவிடும், அதைத்தான் சொல்லக் கூடாது. உண்மையில் எந்த வேலையானாலும் பரவாயில்லையா? இல்லை. ஆமாம். போன வாரம் காலையில் தண்டபாணி போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, கூடத்தின் நடுவில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். துணி உலர்த்தியாகிவிட்டது, பாத்திரம் கழுவியாகிவிட்டது, எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தாகிவிட்டது. நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் நின்றாள். ஜன்னல் வெளிச்சம் காலடியிலிருந்து நகர்ந்து சுவர் ஏறிவிட்டிருந்தது. அப்போது வந்த பயம் வேலை இல்லாத பயம் இல்லை. இனிமேல் தன்னிடம் யாரும் ஒன்றையும் கேட்கமாட்டார்கள் என்ற பயம். ரசம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். ரசம் வந்துவிட்டால் அப்புறம் மோர், பாயசம், அவ்வளவுதான், எழுந்துவிடுவார்கள்.

அவளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் மாப்பிள்ளை வீட்டுக்காரி. தருமபுரி, மாப்பிள்ளைக்குச் சித்தி என்று உட்காரும்போதே சொல்லியிருந்தாள். நல்ல மாதிரி. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே திரும்பினாள்.

“நீங்க பொண்ணோட அம்மாவுக்கு சொந்தமாம்மா?”

“இல்லீங்க. ஒண்ணா வேலை பாத்தோம்.”

“அப்படியா. அவங்கதான் வேலையை விட்டுட்டாங்களே. நீங்க இன்னும் போறீங்களா?”

அந்தப் பக்கம் சத்தியநாதன் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுகிற சத்தம் நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை, அவளுக்குத்தான் காது அடைத்தது. இதுதான் சமயம். இந்த அம்மாளிடம் சொல்கிற சாக்கில் அவர் காதில் போட்டுவிடலாம், அவர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். இல்லீங்க, இப்ப வேலை தேடிக்கிட்டு இருக்கேன். அவ்வளவுதான், இதற்கு அரை நிமிஷம்கூட வேண்டாம். வாய் திறந்தது.

“போறேங்க. இன்னிக்கு அரை நாள் லீவு.”

யார் சொன்னது? தண்டபாணியின் குரல் தன் தொண்டைக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது? நல்லதும்மா, பொம்பளைங்களுக்கு சொந்தக் கால் வேணும் என்று அந்த அம்மாள் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். குமுதவல்லி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் அவரிடம் எப்படிச் சொல்வது? இப்போதுதான் அவர் காது கேட்க வேலைக்குப் போகிறேன் என்று சொன்னவள். முதலில் பொய்க்காரி, அப்புறம் வேலை இல்லாதவள். ரசம் வந்தது. சத்தியநாதன் ரசக்காரரைக் கூப்பிட்டு, இங்கேயும் ஊத்துங்க என்று அவள் இலையைக் காட்டினார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ரசம் சூடாக இருந்தது, மிளகு தூக்கலாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஷர்மிளாவுக்குச் சாயங்காலம் என்ன சொல்வது? அவர் வரவே இல்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் எவ்வளவு லேசாக வந்து நாக்கில் உட்கார்ந்தது என்பதுதான் பயமாக இருந்தது. மோர் சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு இலையை மூடினாள்.

கை கழுவுகிற இடம் கூடத்துக்குப் பின்னால், வரிசையாகக் குழாய்கள். பக்கத்தில் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஓசூர்க் குளிரில் தண்ணீர் விரலைக் கடித்தது. அடுத்த குழாயில் சத்தியநாதன் வந்து நின்றார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய் கொப்பளித்தார். அவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிற ஆள், குனிந்து, வாய் கொப்பளிக்கிறபோது பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தார். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள்.

“சார், எனக்கு வேலை போயிடுச்சு.”

அவர் குழாயை மூடினார். தோள் துண்டால் வாயைத் துடைத்தார்.

“தெரியும்மா.”

தண்ணீர் அவள் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

“அந்த வாரமே தெரியும். கோமளாதான் சொன்னாங்க. அங்கே பந்தியில இருந்த நம்ம ஆளுங்க எல்லாருக்குமே தெரியும். நீங்களா சொல்லாம நாங்க எப்படிக் கேக்கறது? போன் பண்ணலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். சரி, நம்மகிட்ட சொல்ல இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்.”

எல்லோருக்கும். கோமளாவுக்கு. அப்படியானால் வாசலில் கையைப் பிடித்து லீவு கிடைச்சுதா என்று கேட்டது? அது தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. நீ மறைக்கிறதானால் மறைத்துக்கொள், நான் ஒத்துப் பாடுகிறேன் என்று கேட்டது. தண்டபாணி சொன்னதற்குத் தலையை ஆட்டியது. சற்று முன்னால் அரை நாள் லீவு என்று சொன்னபோது இவர் ரசக்காரரிடம் அவள் இலையைக் காட்டியது. இத்தனை மாதமாக ஊரே சேர்ந்து, ஒரு குழந்தை முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு என்னைக் கண்டுபிடி என்று நிற்கும்போது பெரியவர்கள் தேடுகிற மாதிரித் தேடியிருக்கிறார்கள். வெட்கம் காதுவரை ஏறியது. அதற்கும் அடியில் வேறொன்று, இவர் போனை எடுத்தாராமே, இரண்டு தடவை எடுத்துவிட்டு வைத்தாராமே. அப்போது எங்கேயாவது இடம் இருந்திருக்குமா? அந்த இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கேட்க முடியவில்லை. மனசு அந்த வைத்த போனையே சுற்றிச் சுற்றி வந்தது.

“எங்ககிட்ட இப்ப ஆள் எடுக்கல. அதை முதல்லயே சொல்லிடறேன்,” என்றார் அவர். “ஆனா ஜெயசீலன் ஆள் தேடிட்டு இருக்கான். தெரியுமில்ல, உங்க செக்‌ஷன்ல அப்ரன்டிஸா வந்தானே. இப்போ அவன் வேற ஒரு கம்பெனியில குவாலிட்டி ஹெட். போன வாரம் என்கிட்டயே கேட்டான். அப்போ உங்க பேரைச் சொல்லலாமா வேண்டாமான்னு தெரியாம சும்மா இருந்துட்டேன்.”

ஜெயசீலன். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, மேடம் மேடம் என்று பின்னாலேயே வருவான். ஏய் ஜெயசீலா, அந்த கேஜை எடு, இப்படிப் பிடிக்காதே, கை சூட்டுக்கே அளவு மாறிடும் என்று கத்தியிருக்கிறாள். மதியம் அவன் டப்பாவில் வெறும் தயிர்சாதம் இருந்தால் தன் பொரியலைத் தள்ளுவாள். அவனுக்குக் கல்யாணமானபோது போய் மொய் எழுதினாள். குவாலிட்டி ஹெட். நல்லதுதான். நல்லதுதானே?

“நான் சாயங்காலம் பேசறேன் சார்.”

“சாயங்காலம் பேசமாட்டீங்க குமுதா. இப்பவே போடுங்க. நான் இங்கேதான் நிக்கறேன்.”

நம்பரை அவர் சொல்ல, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். விரல் நழுவி ஒரு தடவை தப்பாகப் போயிற்று. மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டான்.

“சொல்லுங்க.”

சார், இருபது வருஷத்துக்கு மேல... அந்த வாக்கியம் எங்கே போயிற்று? ஒரு சொல்கூட அகப்படவில்லை.

“நான் குமுதவல்லி பேசறேன். எனக்கு வேலை வேணும்.”

“மேடமா? ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம், ஒரு ஆள் நிக்கறார்.”

போனைத் துண்டிக்காமல் அப்படியே எங்கோ வைத்துவிட்டான் போலிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து மெஷின் ஷாப்பின் சத்தம் வந்தது. ஒரு பிரஸ் விழுந்து எழுகிற அடி, அதற்கு மேல் கிரைண்டிங்கின் மெல்லிய கூவல், தூரத்தில் யாரோ யாரையோ தள்ளுவண்டி கேட்டுக் கூப்பிடுகிற குரல். குமுதவல்லி இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தமும் மண்டபத்துப் பேச்சும் போய், அது மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். அவன் உடனே திரும்பி வர வேண்டாம் என்று இருந்தது. வரவே வராவிட்டால் என்ன செய்வது என்றும் இருந்தது.

“மேடம், கேக்குதா? இடம் இருக்கு. ஆனா இன்சார்ஜ் இல்ல. லைன் இன்ஸ்பெக்‌ஷன்தான், மூணு ஷிப்டும் மாறி மாறி வரும். முதல் வருஷம் கான்ட்ராக்ட். என்கிட்டதான் ரிப்போர்ட் பண்ணணும். உங்களுக்கு அது பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்லக் கூடாது. எது பரவாயில்லை, எது ஆகாது என்று யோசித்துச் சொல்ல வேண்டும், ஒரு நாள் டைம் கேட்க வேண்டும், சம்பளம் கேட்க வேண்டும், ஷர்மிளா எல்லாம் சொல்லியிருந்தாள். இருட்டில் வேலை முடிந்து வரும்போது தண்டபாணி வண்டியோடு எங்கே நிற்பார் என்பது வரைக்கும் மனசு ஒரு மூச்சில் ஓடிப் போய்த் திரும்பி வந்தது.

“பரவாயில்ல சார்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. அவனும் கேட்டிருப்பான். ஐயோ மேடம், என்னைப் போய் சார்னுட்டு என்பான், அதற்கு என்ன பதில் சொல்வது, சிரித்துவிட வேண்டியதுதான், பழக்கதோஷம்ப்பா என்று சொல்லிவிடலாம் என்று தயாராக நின்றாள். பிரஸ் ஒரு தடவை விழுந்து எழுந்தது. இன்னொரு தடவை.

“அப்ப வியாழக்கிழமை காலையில வாங்க. கேட்ல என் பேரைச் சொல்லுங்க,” என்றான். லைன் நின்றது.

அடுத்த பந்திக்கு உட்காரப் போகிறவர்கள் குழாயடிக்குக் கை கழுவ வந்துகொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக ஒதுங்கி, போனை முந்தானையில் துடைத்தாள், திரை அணைந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்டபாணி தாம்பூலப் பையோடு தூரத்தில் நின்று அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா சொன்னான்?” என்றார் சத்தியநாதன்.

“வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கார்,” என்றாள் குமுதவல்லி.